பதினெட்டுக்கு ஒன்பது

மழை பிடித்த மூன்றாம் நாள். வீட்டில் வெளிச்சம் சரியாக விழுந்த ஒரே இடம் சமையலறை ஜன்னல்தான். அதன் கண்ணாடியில் நான்கு டிரேசிங் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவிட்டுக் காலையிலிருந்து அதன்முன் நின்றுகொண்டிருந்தார் நேர்கோடு. பெற்றோர் வைத்த பெயர் வேறு. விளையாட்டுக் கூடங்களின் தரையில் கோடு போடுவதே தொழிலாக இருபத்தாறு வருஷம் ஓட்டியதில், கூடத்துக்காரர்கள் வைத்த இந்தப் பெயர்தான் நிலைத்தது. மனைவிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"நேர்கோட்டுக்காரரே, கொஞ்சம் வளைஞ்சு நின்னா நான் டீக்குத் தண்ணி வைப்பேன்."

"ரெண்டே நிமிஷம்."

"இதையேதான் எட்டு மணிக்கும் சொன்னீங்க. இப்ப மணி பத்து."

அவர் ஓர் அங்குலம் நகர்ந்தார். ஒவ்வொரு தாளும் ஓர் ஆட்டம். கூடைப்பந்து கறுப்பு, வாலிபால் நீலம், ஷட்டில் வெள்ளை, உள்ளரங்கக் கால்பந்து மஞ்சள். ஊர்ப் பொதுக்கூடத்தின் மரத்தரையை இழைத்து, எல்லாக் கோட்டையும் அழித்துப் புதிதாகப் போடப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை கூடத்துக் கமிட்டி உட்கார்ந்து வரைபடத்தைப் பார்க்கும். சரி என்று தலையாட்டினால் கோடு, கோட்டின்மேல் வார்னிஷ். அப்புறம் பத்து வருஷத்துக்கு அந்தத் தரையை யாரும் தொட முடியாது.

கோடு போடுவது கை வேலை. கோடுகளை ஒன்றோடொன்று சண்டை போடாமல் உட்காரவைப்பதுதான் மூளை வேலை. இரண்டு நிறம் ஒரு கை அகலத்துக்குள் அருகருகே ஓடினால், ஓடுகிறவன் கண் எதைப் பிடிப்பது என்று தடுமாறும். ஒன்றை ஒன்று வெட்டும் இடத்தில், அதிகம் ஆடுகிற ஆட்டத்தின் கோடு அறுபடாமல் போகும். மற்றது இரண்டு விரல் முன்னால் நின்று, இரண்டு விரல் தாண்டித் தொடங்கும். இதையெல்லாம் தாளிலேயே தீர்த்துவிட வேண்டும். தரையில் யோசிக்கக் கூடாது.

"அஞ்சாவது தாள் எங்கப்பா?"

மகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். இருபத்துநாலு வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் தொலைபேசி எடுக்கிற வேலை. இன்று அவளுக்கு விடுமுறை. பதின்மூன்று வயதில் ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்த அவள் பார்வை, மூன்று வருஷம் முன்பு முழுதாகப் போய்விட்டது. மேசையின் விளிம்பைப் புறங்கையால் தொட்டபடி வந்து, தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"நாலு ஆட்டம்தான் பாப்பா. நாலு தாள்தான்."

அவளைக் 'கண்ணு' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அவர். பார்வை முழுதாகப் போய்விட்ட நாளிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"எங்க மணிப்பந்து?"

அவர் ஒரு தாளின் மூலையைத் தடவினார். பார்வையில்லாதவர்கள் ஆடுவது. பந்துக்குள் மணி. பக்கத்துக்கு மூன்று பேர். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். புதன்கிழமை மத்தியானம் மூன்று மணி நேரம் அவளுடைய அணிக்குக் கூடத்தை விட்டிருந்தார்கள். ஒன்றரை வருஷமாகப் போகிறாள். அவர் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. புதன்கிழமைகளில் அவருக்கு எப்போதும் வேறு ஊரில் வேலை இருந்தது.

"ஒரு தரை அஞ்சு ஆட்டம் தாங்காதும்மா. கோலிக்குண்டு கொட்டின மாதிரி ஆயிடும். கமிட்டி என்னைத்தான் கேட்பாங்க."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"தாங்காதுன்னுதான் சொல்லணும்."

மனைவி முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "அவ சொல்லி முடிக்கட்டுமே."

"எங்களுக்கு மூணு மணி நேரம்," என்றாள் மகள். "அதுல ஒண்ணேமுக்கால் மணி நேரம் அளக்கறதுக்கே போயிடுது. ஸ்கூல் பஸ் ஓட்டறவர் ஒருத்தர், பாவம், சும்மா வந்து செய்யறார். தரையில கயிறு வச்சு அதுமேல டேப் ஒட்டணும். அந்த மேட்டைத் தடவித்தான் நாங்க எங்க இருக்கோம்னு தெரிஞ்சுக்கறது. எங்க கோடும் தரையில இருந்தா அதுமேலயே கயித்தை வச்சு அரை மணியில ஒட்டிடுவார். அப்புறம் நாங்க ஆடலாம். இப்ப நாங்க ஆடறதைவிட சுவரோரம் உட்கார்ந்து காத்திருக்கறதுதான் அதிகம்."

"உங்க மைதானம் என்ன அளவு?" ஒப்புக்குத்தான் கேட்டார்.

"பதினெட்டுக்கு ஒன்பது."

அவர் திரும்பினார். "யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? ஆட்டத்தோட அளவே அதுதான். பின்கோட்டிலேருந்து மூணு மீட்டர்ல ஒரு கோடு. ஆறு மீட்டர்ல இன்னொண்ணு. ஒன்பதுல நடு. அந்தப் பக்கமும் அப்படியே."

பதினெட்டுக்கு ஒன்பது வாலிபால். வாலிபாலில் வலையிலிருந்து மூன்று மீட்டரில் ஒரு கோடு உண்டு. பின்கோட்டிலிருந்து பார்த்தால் அது ஆறு மீட்டர். அவர் கை தானாக ஒரு புதுத் தாளை எடுத்தது. அடிக்கோலை வைத்து, அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே போட்டார். பச்சை மை. ஜன்னலுக்குக் கொண்டுபோய் நீலத்தின்மேல் வைத்தார்.

பச்சை காணாமல் போனது. நான்கு எல்லையும், நடுக்கோடும், ஆறு மீட்டர்க் கோடும் நீலத்துக்குள் போய் மறைந்துகொண்டன. வெளியே தெரிந்தது இரண்டே கோடு, பக்கத்துக்கு ஒன்று; கூடவே சில குட்டிக் குறிகள். பார்க்கிறவர்கள் ஆட ஒரு காலத்தில் யாரோ யோசித்த அளவும், பார்க்காதவர்கள் ஆட வேறெங்கோ வேறு யாரோ யோசித்த அளவும் ஒன்றாயிருந்தன. ஜன்னலுக்கு வெளியே மழை ஓடிக்கொண்டிருந்தது. அவர் தாளிலிருந்து விரலை எடுக்கவில்லை. எடுத்தால் நழுவிவிடும்போல இருந்தது.

"என்னப்பா சத்தத்தையே காணோம்?"

"உட்காருது," என்றார். "சட்டை மாதிரி உட்காருதும்மா."

மனைவி ரொட்டித் தட்டை நகர்த்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "அட, ஒண்ணுமே கூடலையே!"

"ரெண்டு கோடு கூடுது. ரெண்டே ரெண்டு."

மகள் சிரித்தாள். அப்புறம், தட்டில் முட்டையைத் தேடிக்கொண்டே சொன்னாள்: "ஆனா அங்க இப்ப இருக்கற நீலக்கோடு சரியில்லைப்பா. ஒரு மூலை ரெண்டு விரல் குறையுது."

அவர் தாளை விட்டுவிட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"அது நான் போட்ட கோடு," என்றார் அவர்.

"தெரியும்."

"மூலைக்கு மூலை குறுக்கே அளந்து, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கான்னு பார்க்காம நான் தரையிலேருந்து எந்திரிச்சதே இல்ல. தெரியுமா?"

"அதுவும் தெரியும். சின்ன வயசிலேருந்து அதைத்தானே கேட்டுட்டிருக்கேன்." வலது கையை மேசைமேல் விரித்து வைத்தாள். "எங்க இடம் பின்கோட்டிலேருந்து மூணு மீட்டர். என் கைக்குப் பதினாறு சாண். ரெண்டு பக்கமும் மூணு மூலையில அளந்தா கரெக்டாப் பதினாறு. கடைசியா, மேடைக்குப் பக்கத்து மூலையில மட்டும் பதினாறாவது சாணுக்கு ரெண்டு விரல் பத்தல. ஒரு தடவை இல்ல, ஒன்றரை வருஷமா."

"கயித்தை ஒட்டினவர் தப்பா ஒட்டியிருப்பார்."

"ஒவ்வொரு வாரமுமா?"

அவர் ரொட்டியைத் தொடாமல் எழுந்து, ஜன்னல் தாள்களைக் கழற்றிக்கொண்டு போனார்; முன்னறையில் அவற்றைச் சுருட்டுவது கேட்டது. மனைவி மகளின் தட்டில் உப்பைத் தூவினாள். "போய்ப் பார்ப்பார் பாரு," என்றாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்க மாட்டார்."

புதன்கிழமை மத்தியானம் அவர் போனார். மகளோடு போகவில்லை, அரை மணி கழித்துத் தனியாக, இடுப்பில் அளவு நாடாவைச் சொருகிக்கொண்டு போனார். கூடத்துத் தகரக்கூரையில் தூறல் மட்டும் மிச்சம் இருந்தது. பஸ் டிரைவர் முழங்காலில் நகர்ந்தபடி தீக்குச்சி பருமன் வெள்ளைக் கயிற்றைத் தரையில் விரித்து, அதன்மேல் அகல டேப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுவரோரம் பெஞ்சில் ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் மகள் நான்காவது. பக்கத்துப் பெண்ணின் காதில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து நாளாயிற்று.

"நீங்க யாருங்க?" என்றார் டிரைவர்.

"இந்தக் கோடு போட்டவன்."

"அட, வாங்க வாங்க. இந்த நீலக்கோடு இல்லேன்னா நான் செத்தேன். வலைப் பக்கத்து இந்த முன்கோட்டைப் பிடிச்சு அதிலேருந்து மூணு மீட்டர் பின்னால அளந்துடுவேன். என்ன, தனி ஆளா நாடா பிடிக்கறதுதான் கஷ்டம். பின்னாலயே ஓடிக்கிட்டு இருக்கணும்."

நேர்கோடு மறுபேச்சில்லாமல் மண்டியிட்டு நாடாவின் இன்னொரு நுனியைப் பிடித்தார். இரண்டு பேரானதும் வேலை பறந்தது. முடிந்ததும் டிரைவர் அவரைப் பெஞ்சுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, உதட்டில் விரலை வைத்தார். "இனிமே மூச்சுகூடச் சத்தமா விடக் கூடாது. பந்து கேட்காது."

ஆறு பேரும் முகத்தில் கறுப்பு மறைப்பைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தருக்குக் கொஞ்சம் வெளிச்சம் தெரியும், ஒருத்தருக்கு ஒன்றுமே தெரியாது. மறைப்பு எல்லோரையும் சமமாக்கிவிடும் என்று டிரைவர் முன்பே சொல்லியிருந்தார். மகள் நடந்து வந்து குனிந்தாள். விரல் நுனியைத் தரையில் வைத்து ஒரு கோடு இழுத்ததுபோல் நகர்த்தினாள். கயிற்று மேடு கிடைத்ததும் அதைப் பிடித்தபடி இடது பக்கம் போனாள், ஒரு குறுக்கு மேட்டைத் தொட்டாள், நிமிர்ந்தாள். முகம் நேராக எதிர்ப் பக்கத்தைப் பார்த்தது. ஒரு டிகிரி கோணல் இல்லை. இருபத்தாறு வருஷம் கோடு போட்டவருக்கு அது தெரியும்.

விசில். கூடம் முழுக்க அமைதி. கூரையில் தூறல் மட்டும்.

எதிர்ப் பக்கத்திலிருந்து பந்து வந்தது. கனமான பந்து, தரையோடு உருண்டு, மணி கலகலத்துக்கொண்டு வேகமாக வந்தது. அதற்கு முன்னாலேயே மூன்று பேரும் சாய ஆரம்பித்திருந்தார்கள். மகள் பக்கவாட்டில் பாய்ந்து, தரையில் நீளமாக விழுந்து, கையையும் காலையும் நீட்டித் தன்னையே ஒரு சுவராக்கினாள். பந்து அவள் வயிற்றில் மோதி நின்றது. நேர்கோடு பாதி எழுந்துவிட்டார். டிரைவர் அவர் தோளை அழுத்தி உட்காரவைத்தார். அவள் பந்தைத் தடவி எடுத்தாள், எழுந்தாள், மூன்று எட்டு ஓடினாள், கோட்டைக் காலால் உணர்ந்த இடத்தில் குனிந்து உருட்டிவிட்டாள். பந்து குறுக்கே ஓடி எதிர்மூலைக்குப் போனது.

தன் கோடுகள்மேல் ஆயிரம் ஆட்டம் பார்த்திருக்கிறார் அவர். எல்லோரும் ஆட்டத்தைப் பார்ப்பார்கள், அவர் கோட்டைப் பார்ப்பார். யார் கால் மிதிக்கிறது, பெயின்ட் எங்கே தேய்கிறது என்று. ஆடுகிறவர்கள் யாரும் கோட்டை நினைப்பதில்லை. குனிந்து தொட்டு, இங்கே இருக்கிறாயா என்று கேட்டதில்லை. இங்கே ஒவ்வொரு பந்துக்குப் பின்னாலும் ஆறு பேர் கேட்டார்கள். தான் வரைந்தது இவ்வளவு பெரிய காரியமா என்று அவருக்குத் தோன்றியது. அத்தோடு, அந்த மூலையின் நினைவும் வந்தது.

ஆட்டம் முடிந்து எல்லோரும் தண்ணீர் குடிக்கும்போது டிரைவரைக் கூப்பிட்டு நாடாவைப் பிடிக்கச் சொன்னார். மேடைக்கு எதிர்ப் பக்கம்: பதினெட்டு மீட்டர். மேடைப் பக்கம்: பதினேழு மீட்டர், தொண்ணூற்றாறு. திரும்ப அளந்தார். தொண்ணூற்றாறு. மூலைக்கு மூலை குறுக்கே இழுத்தார். ஒன்று இருபது மீட்டர் பன்னிரண்டரை சென்டிமீட்டர். இன்னொன்று மூன்றரை சென்டிமீட்டர் குறைவு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு வருஷம் முன்பு. மூன்று மூலை குறித்து முடித்திருந்தார். நான்காவதற்கு நாடாவை இழுத்தபோது கூடத்து ஆபீஸில் போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து. உங்கள் பெண் மாடிப்படியில் உருண்டு விழுந்துவிட்டாள், பட்டப்பகலில், படி எங்கே என்று தெரியவில்லை என்கிறாள். நாடாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். மறுநாள் காலை, மகளும் மனைவியும் கண் டாக்டர் வாசலில் இருக்க, வாலிபால்காரர்கள் அவசரப்படுத்த, அவர் தனியாக வந்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. கண்ணால் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று கடைசி மூலையை மூடினார். குறுக்கே அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அந்த அப்புறம் வரவேயில்லை. அது வராதது அவருக்கே மறந்துபோயிருந்தது.

வருஷக்கணக்கில் எத்தனை கண் அந்த மூலையைப் பார்த்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை கமிட்டி அறையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. செயலாளர் ஐந்தாவது தாளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்பா நினைக்காதீங்க. கண்ணு தெரியாதவங்களுக்குக் கோடு எதுக்குங்க?"

"இந்தக் கூடத்துல அவங்களுக்கு மட்டும்தாங்க கோடு வேணும்," என்றார் நேர்கோடு. "மத்தவங்க சும்மா மிதிச்சுட்டுப் போறோம்."

தாள்களை ஜன்னலில் ஒட்டினார். பச்சை நீலத்துக்குள் மறைவதைக் காட்டினார். செயலாளர் எழுந்து வந்து, மூக்கு ஜன்னலில் படுகிற அளவுக்குக் கிட்டத்தில் நின்று பார்த்தார். தாளைத் தூக்கினார், திரும்ப வைத்தார், மறுபடியும் தூக்கினார். "வித்தை மாதிரி இருக்கே," என்று முணுமுணுத்தார்.

"இன்னொண்ணு சொல்லணும்," என்றார் நேர்கோடு. "இப்ப இருக்கற வாலிபால் கோர்ட்டு கோணல். மேடைப் பக்க மூலை நாலு சென்டிமீட்டர் உள்ள வந்திருக்கு. என் தப்பு. அன்னைக்குக் குறுக்கே அளக்காமப் போயிட்டேன்."

வாலிபால் கோச்சு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "நாலு சென்டிமீட்டரா? போன வருஷம் கடைசிப் பாயின்ட்டு அந்த மூலையிலதான்யா போச்சு! உள்ள விழுந்துச்சு உள்ள விழுந்துச்சுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அவுட்டுன்னு ஊதிட்டான்!"

"உள்ளதான் விழுந்திருக்கும்."

"இத்தனை வருஷம் எங்கய்யா போயிருந்தீங்க?"

"யாருமே பார்க்கலையா?" என்று செயலாளர் கேட்டார். "பதினோரு வருஷமா? ரெஃப்ரி, கோச்சு, நான், ஒருத்தருமா?"

"பார்க்கலைங்க. என் பொண்ணு சாண் போட்டுக் கண்டுபிடிச்சா. அவளுக்குப் பார்வை கிடையாது. மணிப்பந்து டீம்ல இருக்கா."

கமிட்டியில் அவரைப் பல வருஷமாகத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவருக்கு ஒரு மகள் இருப்பது தெரியும். இது தெரியாது. அவர் வாயால் வெளியே யாரிடமும் சொன்னது இதுவே முதல் தடவை. கோச்சு மெதுவாக உட்கார்ந்தார். செயலாளர் பச்சைத் தாளின் நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.

"அஞ்சும் போடுங்க," என்றார். "இந்தத் தடவை அந்தப் பொண்ணையே வச்சு அளங்க."

தரையை இழைத்து முடித்த காலை, மழை விட்டிருந்தது. பழைய கோடு எதுவும் இல்லை. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ வெறுந்தரை பார்த்தவர், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். மரம் அப்போதுதான் பிறந்ததுபோல வெளுத்துக் கிடந்தது. மேல் ஜன்னல்களிலிருந்து வெயில் அதன்மேல் நீண்டிருந்தது.

மகள் குனிந்து உள்ளங்கையால் தடவினாள். "மாவு மாதிரி இருக்குப்பா."

நான்கு மூலையையும் நாடாவால் குறித்தார்கள். ஒவ்வொரு மூலையிலும் கயிற்றுத் துண்டு இரண்டைப் பெருக்கல் குறிபோல் வைத்து டேப் ஒட்டினார், அவள் விரலுக்குத் தெரிவதற்காக. குறுக்கே பார்க்க நாடா வேண்டாம், ஒரு கயிறே போதும் என்று அவர்தான் சொன்னார். ஒரு குறுக்குக்கு இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். அதே கயிறு மற்றக் குறுக்குக்கும் மிச்சமில்லாமல் குறையாமல் வந்தால் நான்கு மூலையும் செங்கோணம். எண்ணே வேண்டாம்.

"அன்னைக்கு ஏம்ப்பா அளக்காம விட்டீங்க?" கயிற்றை நீவிக்கொண்டே கேட்டாள்.

அவர் டேப் சுருளைத் தரையில் வைத்தார். "நீ ஸ்கூல் படியில விழுந்த அன்னைக்கு."

அவள் கை நின்றது. "அந்த நாளா?" பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் விழுந்ததுல உங்க மூலையும் விழுந்துடுச்சா? அம்மாகிட்ட சொல்லணும்."

"சிரிக்காதே. நான் சொல்லியிருக்கணும்."

"யார்கிட்ட? எனக்கே அன்னைக்கு ஒண்ணும் புரியல." கயிற்றின் நுனியை அவரிடம் கொடுத்தாள். "இத்தனை நாளா அந்த மூலையைத் தொடும்போதெல்லாம், இங்க என்னமோ ஆயிருக்குன்னு நினைப்பேன்ப்பா. உங்களுக்குத் தப்பு வராதே, என்னதான் ஆச்சுன்னு."

முதல் குறுக்குக்கு இழுத்தார்கள். அவள் தன் மூலைக் குறியின்மேல் கட்டைவிரலை வைத்து, அங்கேயே கயிற்றில் முடிச்சுப் போட்டாள். பிறகு இருவரும் பின்கோடு வரப்போகும் இடங்களை ஒட்டிப் பக்கம் மாறினார்கள். அவர் எதிர்ப் பக்கத்து மூலையில் மண்டியிட்டுக் கயிற்றின் நுனியைக் குறியில் அழுத்தினார். அவள் மேடையோரம், அந்தப் பழைய மூலை இருந்த இடத்துக்குப் போனாள். குனிந்து தரையைத் தடவிக் குறியைக் கண்டுபிடித்தாள். கயிறு இருபது மீட்டருக்கு விறைத்து எழுந்து, வெயிலில் ஒரு நூல் வெளிச்சமாக நின்றது.

அங்கிருந்து அவருக்கு முடிச்சு தெரியவில்லை. குறியும் தெரியவில்லை. குனிந்த தலையும் நகரும் கையும் மட்டும் தெரிந்தன.

"வந்துடுச்சா?" என்று கேட்டார். கூடம் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டது.

அவள் விரல் கயிற்றோடு வந்து, நின்று, மறுபடி முதலிலிருந்து வந்தது.

"கண்ணு? எங்க இருக்கு முடிச்சு?"

"என் நகத்துக்கு அடியில."

"குறி?"

"அதுவும் அங்கயேதான் இருக்கு," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது, பந்துக்குக் காது கொடுக்கும்போது இருக்கும் அமைதியோடு. "விட்டுடாதீங்கப்பா. இழுத்துப் பிடிச்சுக்கோங்க. இன்னொரு தடவை பார்த்துக்கறேன்."

அவர் விடவில்லை. கயிறு விறைத்து நின்றது. அவள் விரல் அதைத் தொட்டபோதெல்லாம், இருபது மீட்டர் தள்ளி, அவர் உள்ளங்கையில் தெரிந்தது.